அக்கரையில் நின்ற துரியோதனன்: குரல் அடைத்த ஓர் அதிபர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கு வருபவர் ஒரே ஆள் அல்லர். மட்டக்களப்பில் உளவளத்துணைப் பணியில் நான் கண்ட, ஒன்றையொன்று ஒத்த சிலரின் துன்பங்களைச் சேர்த்து ஓர் ஆளாக்கி எழுதுகிறேன். ஊரின் பெயர், குடும்ப விவரம், கனவுகளின் சில பகுதிகள் ஆகியன யாரையும் இனங்காண முடியாதபடி மாற்றப்பட்டுள்ளன. சுவிற்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங்கின் ஆழ்மன உளவியலில் ‘சுயம்’, ‘முழுமை’ என்று பேசப்படுபவை நம்முடைய மண்ணில், போரைக் கடந்து வந்த ஒரு மனிதரிடம் எப்படித் தோன்றுகின்றன என்பதே என் கேள்வி.

முறைப்பாடு

வயது 52. எழுவான்கரையில், வாவிக்குக் கிழக்கே, ஒரு பாடசாலையின் அதிபர். மனைவியின் சீதன வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளுடன் வாழ்கிறார். காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியின் முன் நின்றதும் குரல் அடைத்துவிடுகிறது என்பதே அவர் சொன்ன குறை. “வணக்கம்” என்ற சொல் வரும். அடுத்த வசனம் வராது. நெஞ்சு இறுகும், உள்ளங்கை வியர்க்கும். அலுவலகத்தில் ஒருவரோடு ஒருவராய்ப் பேசும்போது குரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. கூட்டம் கூடிய இடத்தில், எல்லாக் கண்ணும் தன்மேல் இருக்கும்போது மட்டுமே இப்படி. பல மாதங்களாகப் பிரதி அதிபரே கூட்டத்தை நடத்தி வந்தார்.

என்னிடம் வருமுன் செய்யவேண்டிய பரிசோதனைகள் எல்லாம் முடிந்திருந்தன. காது, மூக்கு, தொண்டை நிபுணர் குரல் நாண்களைப் பார்த்துக் குறையில்லை என்றிருந்தார். ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனைகள் சீராக இருந்தன. உளமருத்துவர் மிதமான மனச்சோர்வு என்று குறித்து, மருந்து தொடங்கி, உளவளத்துணைக்கும் அனுப்பியிருந்தார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடலைப் பார்க்காமல் கனவைப் பார்க்கப் புறப்படுவது ஆபத்து. குரல் அடைப்புக்குப் பின்னால் கட்டியோ நரம்புக் கோளாறோ இருந்தால் எந்தத் தொல்படிமமும் (மனிதர் எல்லாருக்கும் பொதுவென யுங் சொன்ன ஆதி உளவடிவமும்) அவரைக் காப்பாற்றாது.

முதல் நாள் மருத்துவ அறிக்கைகளைத் திகதி வாரியாக அடுக்கிய கோப்பு ஒன்றுடன் வந்தார். “மிஸ், எனக்கு வேற ஒரு பிரச்சினையும் இல்ல. குரல் மட்டும் திரும்பி வந்தாக் காணும்” என்றார். நானும் அவரை ‘சேர்’ என்றே அழைத்தேன். வயதுக்கும் பதவிக்கும் உரிய மரியாதை அது. வேறு எப்படியும் அழைத்திருக்க முடியாது.

மனைவியைத் தனியாகச் சந்தித்தபோது அவர் சொன்னது இந்த ஆய்வின் திறவுகோல். “இத்தனை வருசத்தில இவர் ஒருநாள் என்னோட கோவிச்சதில்ல மிஸ். நான் குடுத்துவச்சவள் எண்டு ஊரே சொல்லும். ஆனா இவர் ஆரெண்டு எனக்கு இன்னும் தெரியா.” அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நெடுநாள் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒரு வியப்பாகச் சொன்னார்.

வரலாறு

பிறந்தது படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, வயலும் கூத்தும் உள்ள ஒரு கிராமத்தில். தகப்பன் வேளாண்மைக்காரர். தாயின் தம்பி ஊரின் அண்ணாவியார், கூத்தைப் பழக்கி நடத்துபவர். தாய்வழிக் குடியை மதிக்கும் நம் பகுதியில் தாய்மாமனின் இடம் எவ்வளவு பெரியது என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை. பையனுக்கு எழுத்தறிவித்தவர் பள்ளிக்கூட வாத்தியார். தாளம் அறிவித்தவர் மாமா.

1990இன் தொடக்கத்தில் அந்த ஊரில் பாரதக் கதை கொண்ட ஒரு கூத்தை வடமோடிப் பாணியில் பழகினார்கள். சட்டம் கொடுத்தபோது, அதாவது பாத்திரங்களைப் பங்கிட்டபோது, துரியோதனன் பாத்திரம் இவருக்குக் கிடைத்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த, உயரமான, நல்ல குரல் உள்ள இளைஞன். கிழமைக்குக் கிழமை பழகிச் சதங்கையும் அணிந்தாயிற்று. ஊரில் அவரை எல்லாரும் “துரியோதனன்” என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். அரங்கேற்றத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டது. ஊர் கலைந்தது. கூத்து அரங்கேறவில்லை. மாமா ஒருநாள் சைக்கிளில் வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதன்பின் வந்தவை இந்த மாவட்டத்தில் அந்த வயதில் இருந்த ஆண்கள் அனைவருக்கும் தெரிந்தவை: சுற்றிவளைப்பு, வெயிலில் வரிசையாக இருத்தல், ஆட்களைத் தலையசைத்துக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் நடந்து போதல், சோதனைச் சாவடி. உரத்த குரலும் நிமிர்ந்த நடையும் உள்ள இளைஞனை இரு தரப்பும் கவனித்த காலம் அது. அவர் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார். பார்வையைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம், ஆசிரியர் நியமனம், எழுவான்கரையில் கலியாணம், அதிபர் பரீட்சை என்று படிப்படியாக ஏறினார். அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கூத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தகப்பன் துரியோதனனாகப் பழகியவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

கோட்பாட்டு நோக்கு

‘நான்’ என்று நாம் உணரும் ஈகோ நனவின் நடு மட்டுமே, முழு உளமும் அன்று என்பதுதான் யுங்கின் அடிப்படை வாதம். உளவியல் வகைகளைப் பற்றி அவர் 1921இல் வெளியிட்ட பெருநூலிலேயே இந்த வேறுபாடு உண்டு: ஈகோ என் நனவுக்கு எழுவாய், சுயம், நனவுக்கு எட்டாத நனவிலியையும் உள்ளடக்கிய என் முழு உளத்துக்கும் எழுவாய். ஒரு மனிதன் உலகத்துக்குக் காட்ட அமைத்துக்கொண்ட முகம் பெர்சோனா. அந்த முகத்துக்குப் பொருந்தாதவை என்று விலக்கியவை சேர்ந்து நிற்பது நிழல். நிழலில் கெட்டது மட்டும் இருக்கும் என்றில்லை. வாழ இடங்கிடைக்காத வீரமும் கலையும் சிரிப்பும்கூட அங்கேதான் போய்ச் சேர்கின்றன. 1951இல் வந்த, சுயத்தைப் பற்றிய தம் பிற்காலப் பெரும் ஆய்வில், நிழலைச் சந்திப்பதையே முதல் வேலையாக வைக்கிறார் யுங். நிழலைத் தாண்டாமல் சுயத்தைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

முழுமை என்று அவர் சொன்னதைக் குறைகளற்ற நிலை என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பிழைத்துவிடும். நல்லவராகிக்கொண்டே போய் ஒருநாள் நிறைவடைவது அவர் சொன்ன வழி அன்று. விலக்கியவற்றுக்கும் உள்ளே இடம் கொடுத்து, அவை ஒன்றோடொன்று முரண்படுவதைத் தாங்கி நிற்கும் அகலம்தான் முழுமை. நம் அதிபர் குறையற்றவர் என்று ஊரே சான்று சொன்னது. மனைவிக்கு மட்டும் அவர் பாதி ஆளாகத் தெரிந்தார்.

1930இல் ஆற்றிய ஓர் உரையில் வாழ்நாளைச் சூரியனின் ஒருநாட் பயணமாகக் காட்டுகிறார் யுங். நனவிலியாகிய கடலிலிருந்து எழுந்து, உச்சிக்குப் போய், பின் இறங்குகிறது. காலைக்கென்று வகுத்த திட்டத்தோடு பிற்பகலை வாழ முடியாது என்பது அவர் கருத்து. மட்டக்களப்பில் இருந்து இதைப் படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கும். நமக்குச் சூரியன் எழுவது கடலில், படுவது வாவிக்கு அப்பால். கரைகளுக்கே அப்படித்தான் பெயர். அதோடு, பெண்கள் பிறந்த இடத்தில் இருக்க ஆண்கள் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகும் வழக்கம் நம்முடையது. ஆகவே இங்கே எத்தனையோ ஆண்களின் பிள்ளைப்பருவம் உண்மையாகவே வேறொரு கரையில் கிடக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அங்கே போய்வருவது சில நிமிட வேலை. இவர் போவார், தாயைப் பார்ப்பார், தேத்தண்ணி குடிப்பார், திரும்பிவிடுவார். கூத்து ஆடும் வட்ட அரங்கான களரி இருந்த வளவுப் பக்கம் போனதில்லை.

கனவுகள்

கனவு காண்பதில்லை என்றவர், சில கிழமைகள் கழித்து ஒன்றைச் சொன்னார். பொழுது படும் நேரம். பழைய மண்முனைத் துறையில், வாவியைக் கடக்கும் மிதவையான பாதைக்குக் காத்து நிற்கிறார். பாதை வருகிறது. அதில் ஒரே ஓர் ஆள். கூத்து அரசருக்குரிய கரப்புடுப்பும் முடியும் தரித்தவர், முதுகு காட்டி நிற்கிறார். பாதைக்காரர் கேட்கிறார்: “சேர் ஏறலியா?” இவர் சட்டைப் பையைத் தடவுகிறார். பாடசாலைத் திறப்புக் கோர்வை இருக்கிறது. “இதக் குடுத்திட்டு வாறன்” என்கிறார். பாதை போய்விடுகிறது.

அடுத்தது ஒரு மாதத்துக்குள் வந்தது. காலைக் கூட்டம். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பேச வாயெடுக்கும்போது களஞ்சிய அறைக்குள் மத்தளம் கேட்கிறது. காவலாளியைக் கூப்பிட்டு அறையைப் பூட்டச் சொல்கிறார். “பூட்டித்தான் சேர் கிடக்கு” என்கிறான் அவன்.

இரண்டாவது கனவைச் சொல்லி முடித்ததும் தானே கேட்டார்: “பூட்டிக் கிடக்கிற அறைக்குள்ள ஆர் மிஸ் அடிக்கிறது?” அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கேள்வி, அவரிடமிருந்து வந்ததில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. நனவு ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டால் கனவு மறுபக்கத்தைக் கொண்டுவந்து ஈடுசெய்யும் என்பது யுங்கின் துணிபு. இங்கே ஈடு மிகத் துல்லியம். குரல் அடைக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு ஓசை எழுகிறது. அவரது குரலைப் பிடித்து வைத்திருந்தது நோய் என்றே அதுவரை நினைத்திருந்தோம். குரலை வைத்திருக்கும் ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று அன்று பேசினோம்.

அன்றுதான் கேட்டேன், ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. நெடுநேரம் பேசாமல் இருந்தார். “துரியோதனன்” என்று சொன்னபோது குரல் இரண்டு படி இறங்கி, அடிவயிற்றிலிருந்து வந்தது. அவ்வளவு நாளும் நான் கேட்டிராத குரல்.

சி.ஆர். கொப்பியில் ஓர் உரையாடல்

1913இன் இறுதியிலிருந்து தம் உள்ளே எழுந்த உருவங்களோடு விழித்த நிலையில் உரையாடிப் பார்த்தார் யுங். பின்னர் அதை ஒரு முறையாக்கினார். தமிழில் செயலூக்கக் கற்பனை எனலாம். எல்லோருக்கும் இதைக் கொடுக்கக்கூடாது. உண்மையையும் கற்பனையையும் பிரித்தறிவதில் தளர்வு உள்ளவருக்கு இது தீங்கு செய்யும். உளமருத்துவரோடு பேசிய பின்னரே தொடங்கினேன். பகல் வெளிச்சத்தில், மனைவி வீட்டில் இருக்கும்போது, அரை மணித்தியாலத்துக்கு மேற்படாமல் எழுதவேண்டும். முடிந்ததும் எழுந்து, முகம் கழுவி, வீட்டு வேலை ஏதாவது செய்யவேண்டும். பாதையில் முதுகு காட்டி நின்றவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். பதில் வந்தால் எழுதட்டும். பதிலுக்குத் தானும் உண்மையாகப் பேசட்டும்.

பாடசாலைக்குக் கொடுக்கும் சி.ஆர். கொப்பி ஒன்றில் எழுதிக் கொண்டுவந்தார். அவர் அனுமதியோடு ஒரு பகுதி:

“ஏன் இப்ப வந்த?”

“நான் எங்கயும் போகயில்ல. நீதான் போன.”

“நீ சத்தம் போட்டா எல்லாரையும் பிடிச்சிருப்பாங்க.”

“தெரியும். என்னை ஒளிச்சு வச்சுத்தான் நீ தப்பின. அதில எனக்குக் குறை இல்ல. ஆனா இப்ப ஆர்ர பயம்?”

இந்தக் கடைசிக் கேள்வியை அவர் வாசித்தபோது இருவருமே பேசாமல் இருந்தோம். யுங்கியப் புத்தகங்களில் பெர்சோனா பெரும்பாலும் சமூகத்தோடு செய்த சமரசமாகவே வரும்: பதவி, மரியாதை, நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசை. நிழலை விலக்குவது ஒழுக்கக் கூச்சத்தால். சுவிற்சர்லாந்தின் நடுத்தர வர்க்க மனிதர்களைப் பார்த்து எழுதியவருக்கு அது சரி. இங்கே 1990இல் பதினெட்டு, பத்தொன்பது வயதாக இருந்தவனுக்குப் பணிவு ஒரு வேடமாக வரவில்லை. உயிரைக் காத்த கவசமாக வந்தது. பிரித்தானிய உளப்பகுப்பாய்வாளர் வின்னிக்கொட் 1960இல் பொய்ச் சுயத்தைப் பற்றி எழுதியபோது, அது மெய்ச் சுயத்தை மறைத்துக் காப்பாற்றும் பணியைச் செய்கிறது என்றார். அந்தக் கருத்தே நமக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. “முகமூடியைக் கழற்றுங்கள், உண்மையான நீங்களாக இருங்கள்” என்று இத்தகைய ஒருவரிடம் சொல்வதைக் கொடுமை என்பேன். முதலில் அந்த முகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அது யாரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே, ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று உடலோடு சேர்ந்து பார்க்கலாம். ஆபத்து முற்றாகப் போய்விட்டது என்று நான் அவருக்கு உறுதி கூறவில்லை. கூற எனக்கு உரிமையும் இல்லை. காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் தலையாட்டியின் முன் நிறுத்தப்பட்ட வரிசை அல்லர் என்பதை மட்டும், மூச்சுப் பயிற்சியோடும், வெறும் மண்டபத்தில் நின்று பேசிப் பார்த்தும், சிறிது சிறிதாக உடலுக்குப் பழக்கினோம்.

இடையில் வந்த புயல்

குரல் திரும்பத் தொடங்கியது. கூடவே வேறொன்றும் வந்தது. முன்கூட்டியே ஓய்வு பெறப்போவதாக வீட்டில் அறிவித்தார். பெண் பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணத்தில் கூத்துடுப்புத் தைக்கப்போவதாகவும், ஊரில் மாமா விட்ட கூத்தைத் தானே அரங்கேற்றப்போவதாகவும் சொன்னார். தானே துரியோதனன். தானே அண்ணாவியார். இரவில் நித்திரை குறைந்தது. பேச்சு வேகமாயிற்று. மனைவி என்னிடம் ஓடிவந்தார். “முந்தி இந்த மனுசன் வீட்டில இருந்தும் இல்லாத மாதிரி. இப்ப வீடு கொள்ளுதில்ல. இது என்ன கா மிஸ்?”

மனவெழுச்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்பதால் அன்றே உளமருத்துவரிடம் அனுப்பினேன். அவர் பார்த்து மருந்தைச் சரிசெய்தார். நித்திரை சீராயிற்று. அதன் பின்பும் மீந்திருந்ததைத்தான் யுங் ஊதிப்போதல் என்ற நிலையாக விளக்குகிறார்: நனவிலியிலிருந்து எழுந்த பெரும் உருவத்தை ஈகோ தானென்றே எண்ணிக்கொள்வது. அமெரிக்க யுங்கியரான எட்வேட் எடிங்கர் 1972இல் இதை விரித்து எழுதினார். ஈகோ சுயத்தோடு ஒன்றி ஊதிப்போவதும், அதிலிருந்து அறுந்து வறள்வதும் வாழ்நாள் முழுதும் மாறிமாறி நிகழும். இரண்டுக்கும் இடையே உறவு ஒன்று உறுதிப்படுவதே வளர்ச்சி என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டு வறண்டு கிடந்தவர் ஒரு மாதத்தில் ஊதிப்போனதில் வியப்பில்லை.

ஏறக்குறைய அதே நாட்களில் அவர் கேட்டார்: “மிஸ், இந்தச் சுயம் எண்டுறது ஆன்மாதானே? அப்ப நான் அதில கரைஞ்சு போனா நல்லதுதானே?” சைவக் குடும்பத்தில் வளர்ந்தவர்; இக்கேள்வி எழுவது இயல்பு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆணவ மலத்தின் பிடி தளர்ந்து உயிர் இறைவனைச் சேர்வது சைவ சித்தாந்தம் காட்டும் வழி. அது மீட்சி பற்றிய நெறி. யுங் பேசுவது உளத்தில் எழும் படிமங்களைப் பற்றி. இறைவன் உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் உளவியலாளராகத் தாம் போவதில்லை என்றே அவர் நின்றார். 1937இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, நம் கண்டி வரைக்கும் வந்து போனவர், ரமண மகரிஷியைப் பார்க்கப் போகவில்லை. ஈகோ முற்றாகக் கரைந்துவிட்டால் அந்த அனுபவத்தை அறிய அங்கே யார் இருப்பார் என்பது அவரது விடாத ஐயம். இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. ஆனால் ஒரு தகப்பன், பிள்ளைகளின் படிப்புப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரைந்துபோகக் கூடாது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

பிறகு கூத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் அறிந்ததும் நான் அறியாததும் அதுதான். வட்டக் களரியில் யார் எங்கே நிற்பார்கள்? உற்சாகமாக விளக்கினார். நடுவில் அண்ணாவியார், மத்தளம், தாளம், கொப்பி பார்ப்பவர். கூத்தர் சுற்றி ஆடுவர். சுற்றிவர ஊர். “துரியோதனன்ட வரவு பெரிசுதான் மிஸ். ஆனா கூத்து முழுக்க அவரே ஆடுறதில்ல. மறுகா மற்றவங்களும் வரவேணுமே. எல்லாரும் நடுவில நிக்கிற ஆளச் சுத்தித்தானே ஆடவேணும்.”

சொல்லி முடித்தவர் தானே நிறுத்தினார். ஈகோவுக்கும் சுயத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. ஓய்வுபெறும் விண்ணப்பம் மேசை இழுப்பறைக்குள்ளேயே இருந்துவிட்டது.

வெறுமையாக இருந்த நடு

மூன்றாவது பெரிய கனவு இதற்குப் பின். வெள்ளாண்மை வெட்டி முடிந்த வயல். நடுவில் வட்டக் களரி. நாலு பக்கமும் நாலு விளக்கு. முடி தரித்தவர் ஒரு பக்கமாகச் சுற்றி வருகிறார், இவர் அதிபருக்குரிய உடையில் மறுபக்கமாகச் சுற்றி வருகிறார். இருவரும் எதிர்ப்படும் ஒவ்வொரு முறையும் தலையசைக்கிறார்கள். மத்தளம் கேட்கிறது. ஆனால் நடுவில் யாரும் இல்லை.

யுங்கைப் படித்தவர் எவரும் இதைக் கேட்டவுடன் துள்ளிவிடுவார். வட்டம், நான்கு, நடு, எதிரெதிர் இரண்டின் சுழற்சி. முதலாம் உலகப் போரின் பிற்பகுதியில், தடுத்துவைக்கப்பட்ட பிரித்தானியப் படையினருக்குப் பொறுப்பாளராக சுவிற்சர்லாந்தின் ஷாட்டோ-டேயில் பணியாற்றியபோது, யுங் காலைதோறும் சிறு கொப்பியில் வட்டச் சித்திரங்கள் வரைந்தார். அவை அன்றன்றைய தம் உள்நிலையைக் காட்டுவதைக் கண்டார். இத்தகைய வட்டச் சித்திரமாகிய மண்டலம் சுயத்தின் படிமம் என்ற முடிவுக்கு அவர் வந்த வழி அது. போர்க்காலத்தில் பிறந்த சித்திரங்கள் அவை என்பது நமக்கு முக்கியம். பிளவுண்ட உளம் ஒழுங்கைத் தேடும்போதே வட்டம் எழுகிறது.

இருந்தும் ‘சுயம்’ என்ற சொல்லை அன்று நான் எடுக்கவில்லை. நடுவில் யார் நிற்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். “மாமா” என்றார். பிறகு அழுதார். முப்பது ஆண்டுக்கு மேலாக அவருக்காக அழாத அழுகை. நடு வெறுமையாக இருந்ததற்குத் தத்துவக் காரணம் தேடுமுன், அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய ஒருவர் 1990இல் சைக்கிளில் போய்த் திரும்பவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் பொலின் பொஸ் தெளிவற்ற இழப்பு என்று விளக்கும் நிலை இது: இறந்தார் என்று சொல்லவும் முடியாது, இருக்கிறார் என்று நம்பவும் முடியாது, துக்கம் தொடங்கவே இடமில்லை. இந்த மாவட்டத்தில் இப்படி வெறுமையான நடுவோடு வாழும் வீடுகள் எத்தனையோ. அவர்களிடம் போய், அந்த வெறுமை உங்கள் சுயத்தின் குறியீடு என்று யாராவது சொன்னால் நான் குறுக்கே நிற்பேன்.

அதேவேளை, அது மாமாவின் இடம் மட்டும்தான் என்றும் நான் சொல்லமாட்டேன். மத்தளம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆள் இல்லாமலும் தாளம் இருந்தது, இருவரும் அதற்கு ஆடினார்கள், இடித்துக்கொள்ளவில்லை. காணாமற்போனவரின் இடமும், தன்னிலும் பெரிய ஒன்றுக்குரிய இடமும் அவருக்குள் ஒரே இடமாக இருந்தன. இரண்டையும் பிரித்து, ஒன்றைத் துக்கக் கோப்பிலும் மற்றதை ஆன்மிகக் கோப்பிலும் போட்டிருந்தால் இரண்டுமே செத்திருக்கும். முழுமை என்றால் வட்டத்தில் ஓட்டை எதுவும் இருக்காது என்ற எண்ணத்தை இந்தக் கனவு எனக்குள்ளே உடைத்தது. நிரப்ப முடியாத ஓர் இடத்தை நடுவில் வைத்துக்கொண்டே ஒருவர் முழுமையாக முடியும் என்று இப்போது நம்புகிறேன்.

இந்த ஆய்வை வைத்துச் சுயம் என்ற ஒன்று நிறுவப்பட்டுவிட்டது என்று யாரும் கொள்ளவேண்டாம். அது அளந்து காட்டக்கூடிய பொருளன்று. கனவுக்குப் பொருள் கொள்வதில் கேட்பவரின் விருப்பம் கலப்பதும் உண்மை. அவருக்கு உதவியவற்றில் மருந்துக்கும் பங்குண்டு, மூச்சுப் பயிற்சிக்கும் உண்டு, கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்ததற்கும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துத் தர என்னால் முடியாது.

இன்றைய நிலை

காலைக் கூட்டத்தை மீண்டும் அவரே நடத்துகிறார். சில நாட்களில் இன்னும் தொண்டை இறுகும். அப்போது நிறுத்தி, மூச்செடுத்து, தொடர்கிறார். மருந்து உளமருத்துவரின் கண்காணிப்பில் குறைக்கப்பட்டுவருகிறது.

பாடசாலைக் கட்டட வேலை ஒன்றில் தரக்குறைவான பொருள் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் முடிவுறுத்தல் பத்திரத்தை நீட்டினார்கள். முந்தைய அதிபராக இருந்தால் மெதுவாக ஏதோ சொல்லிக் கையொப்பமிட்டிருப்பார். அன்று எழுந்து நின்று, மண்டபம் அதிர, முடியாது என்றார். பிறகு கை நடுங்கியதாம். வீட்டில் ஒருநாள் மனைவியோடு வாய்த்தர்க்கம் வந்து, அவரும் குரல் உயர்த்தியிருக்கிறார். மனைவி அழுதாராம், பிறகு இருவரும் விடியும்வரை இருந்து கதைத்தார்களாம். அதை நல்ல செய்தியாகவே மனைவி எனக்குச் சொன்னார். இளைய மகளுக்கு மட்டும் அப்பாவின் புதிய குரல் பயமாக இருக்கிறது. அவளோடு தனியாகப் பேசியிருக்கிறேன். இன்னும் பேசவேண்டும். நிழலுக்கு இடம் கொடுப்பதன் விலையை வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் முழுமையாக்க முடியாது.

சனிக்கிழமைகளில் படுவான்கரைக்குப் போகிறார். ஊரில் பொடியன்கள் கூத்துப் பழகுகிறார்கள். இவர் ஆடுவதில்லை. தாளம் பிடிக்கிறார். துரியோதனனுக்குப் பழகும் பையனுக்கு வரவு சொல்லிக் கொடுக்கிறார். பல வரிகள் மறந்துபோயிருந்தன. களரியோரம் இருந்து கேட்ட வயதான பெண் ஒருவர் விடுபட்டவற்றை எடுத்துக் கொடுத்தாராம். அவர் எந்த நாளும் மேடையேறியவர் அல்லர். அந்தக் காலத்தில் வேலியோரம் நின்று பழக்கத்தைக் கேட்டவர்.

ஒன்று முடியாமல் இருக்கிறது. மாமாவுக்குக் கிரியை செய்யவேண்டும் என்று அவருக்கு இப்போது தோன்றுகிறது. தாய்க்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தம்பி வருவான் என்று இன்னும் சொல்கிறார். அவரது மத்தளத்தை யாரையும் தொட விடுவதில்லை. தாய் இருக்கும்வரை கிரியைப் பேச்சை எடுப்பதில்லை என்று அதிபர் முடிவு செய்திருக்கிறார். தங்கை அதற்கு உடன்படவில்லை. தள்ளிப்போடுவது அம்மாவுக்கும் நல்லதல்ல என்கிறார். இருவரும் சேர்ந்து அடுத்த மாதம் வருகிறார்கள்.